குழுவாக எடை குறைக்கும்போது பட்டியலில் எதைப் போடுவது: கிலோவையா, செய்ததையா?

நடைவண்டி:
வணக்கம். தெரிந்தவர்கள் சேர்ந்து பன்னிரண்டு வார எடை குறைப்புத் திட்டம் ஒன்றை நடத்துகிறோம். ஒருங்கிணைக்கும் வேலை என் தலையில். ஞாயிறு காலை எல்லோரும் எடை மிஷினைப் படம் பிடித்து குரூப்பில் போட வேண்டும், நான் யார் எவ்வளவு குறைத்தார்கள் என்று பட்டியல் போடுவேன். ஆரம்பத்தில் ஒரே கொண்டாட்டம். ஒரு மாதம் ஆவதற்குள் படம் போடுபவர்கள் பாதியாகிவிட்டார்கள். அது போகட்டும். படம் போடாதவர்கள் நடப்பதையும் நிறுத்திவிட்டார்கள், அதுதான் எனக்குக் கவலை. எடை ஏறிய வாரம் வெட்கப்பட்டு ஒதுங்குகிறார்கள், அப்படியே நடையும் போய்விடுகிறது.

என் யோசனை இது. எடைப் பட்டியலைத் தூக்கிவிடலாம். அந்த வாரம் யார் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் போடலாம். குரூப்பில் சொன்னதும் பலத்த எதிர்ப்பு. "எடை குறைக்கத்தானே வந்தோம், எடையே பார்க்காமல் எதற்கு?" என்கிறார்கள். குழுவாக இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டம்பெல்தம்பி:
அக்கா, எதிர்த்தவங்கள்ல நானும் ஒருத்தன். இங்கயும் அதையே சொல்றேன். போட்டி இல்லேன்னா எவன் காலையில எழுந்திருப்பான்? பட்டியல்ல மூணாவது இடத்துல இருக்கேன்னு தெரிஞ்சாதான் ரெண்டாவது இடத்துக்கு ஓடத் தோணுது. வெட்கப்படறவங்களுக்காக ஓடறவங்களை நிறுத்தணுமா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எதில் போட்டி போடுகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள்.

முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை, தண்ணீர். தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு சில நூறு கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் கூடவே ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் இருப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. அந்த வாரம் முதலிடம் பிடிப்பவர் பெரும்பாலும் அதிகமாகத் தண்ணீர் இழந்தவர்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். புதிதாக ஸ்க்வாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) ஆரம்பித்தவருக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் தொடை வலிக்கும். பழுதுபார்க்கிற தசை தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும், மிஷினில் எடை ஏறும். ஒழுங்காக உடற்பயிற்சி செய்தவர் பட்டியலில் கீழே போவார். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்களுக்கு ஏறுவதும் இதே கதைதான்.

ஒரு கிலோ கொழுப்பு என்பது தோராயமாக 7,700 கலோரி. ஒருவர் தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ அளவுக்கு இறங்கலாம். சாப்பாடு, உப்பு, தண்ணீர், மலச்சிக்கல் இவற்றால் மட்டுமே ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் ஒரு கிலோ வித்தியாசம் வரும். அரை கிலோ உண்மையை ஒரு கிலோ ஆட்டத்துக்குள் தேடி, அதை வைத்து ஒருவருக்குக் கைதட்டி இன்னொருவரைத் தலைகுனிய வைக்கிறோம்.

எடை பார்க்கவே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைத்த எடையை நிறுத்தி வைத்தவர்களைப் பின்தொடர அமெரிக்காவில் 1994-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது தக்கவைத்தவர்கள்தான் அதில் சேர முடியும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். ஆகவே பாருங்கள். அவரவர் நோட்டில் எழுதுங்கள், நாலு வார சராசரியைப் பாருங்கள். ஊருக்கு அறிவிக்க வேண்டியதில்லை.

பாதியில்நின்றவன்:
கணக்குப்பிள்ளை சொன்ன அந்தக் "கீழே போனவர்" நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஒரு குழு, வேறு ஒரு திட்டம்.

ஞாயிறு காலை என்ன நடக்கும் தெரியுமா? முதலில் பாத்ரூம். அப்புறம் மிஷினில் ஏறுவேன். இறங்கி வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறுவேன். மிஷினைப் பக்கத்து டைல்ஸுக்குத் தள்ளுவேன், இருநூறு கிராம் குறைத்துக் காட்டும். முதலில் இருந்த இடத்துக்கே தள்ளிப் பார்ப்பேன். எந்த டைல்ஸில் குறைவோ அங்கே நின்று படம் பிடிப்பேன். சனிக்கிழமை இரவே சாப்பாட்டைத் தவிர்த்திருப்பேன், ஞாயிறு மதியம் அதையெல்லாம் சேர்த்து ஒரு பிடி பிடிப்பேன். இந்தப் பட்டியல் எனக்குள் வளர்த்த பழக்கம் அதுதான்.

எடை ஏறிய ஒரு வாரம் ஒருவர் "என்னாச்சு?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். நான் பதில் போடவில்லை. அடுத்த வாரம் படமும் போடவில்லை.

டம்பெல்தம்பி:
டைல்ஸ் மேட்டர் எனக்கும் தெரியும் அண்ணா 😀 சொல்லாம இருந்திருக்கலாம்.

இரவுப்பணி:
மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவள் நான். பட்டியலுக்கு முன்னால் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. எந்தக் குழுவில் சேர்ந்தாலும் "காலை ஐந்து மணி சவால்" என்று ஒன்றை ஆரம்பித்துவிடுகிறார்கள். காலை ஐந்து மணிக்கு நான் நோயாளிக்கு பி.பி. பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் பகல் ஷிஃப்ட் வந்தால் கடிகாரமே தலைகீழ். கடிகாரத்தை நம்பி எனக்கு எந்தப் பழக்கமும் நிற்கவில்லை.

எனக்குக் கைகொடுத்தது இதுதான். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் வீட்டுக்கு வந்து யூனிஃபார்மைக் கழற்றியே ஆக வேண்டும். அதை ஆணியில் மாட்டுகிற கை அப்படியே நடைஷூவை எடுக்கும். சோஃபாவில் உட்காருவதற்கு முன்னால் பத்து நிமிடமாவது தெருவில். உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அதனால் ஷூ ஆணிக்கு நேர் கீழே இருக்கிறது, அலமாரிக்குள் இல்லை. நேரத்தோடு கட்டாதீர்கள், ஏற்கனவே நடந்தே தீருகிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள்.

அப்புறம் தூக்கம். குழுவில் யாரும் தூக்கத்தை எண்ணுவதே இல்லை. நாலரை மணிக்கு எழுந்து ஓடியதற்குக் கைதட்டுகிறார்கள், முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேட்பதில்லை.

கணக்குப்பிள்ளை:
இரவுப்பணி சொல்வது இரண்டுக்குமே ஆய்வு இருக்கிறது.

2002-ல் பிரிட்டனில் 248 மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எதுவும் சொல்லவில்லை. இன்னொரு பிரிவுக்கு உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கி ஊக்கம் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு அந்த ஊக்கத்தோடு, "எந்த நாள், எந்த இடம், எந்த நேரம்" என்று ஒரு வரி எழுதி வாங்கினார்கள். வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்கள் முதல் பிரிவில் 38 சதவீதம், ஊக்கம் மட்டும் பெற்ற பிரிவில் 35, எழுதிக் கொடுத்த பிரிவில் 91. காலையில் குரூப்பில் தட்டிவிடுகிற ஊக்க மேற்கோள்களின் மதிப்பு என்ன என்று இதிலேயே தெரிகிறது.

தூக்கத்துக்கு 2010-ல் ஒரு சிறிய ஆய்வு, 10 பேர்தான். அதே ஆட்கள், குறைத்த அதே சாப்பாடு. இரண்டு வாரம் எட்டரை மணி நேரம் படுக்கையில், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம். இரண்டிலும் இறங்கிய எடை ஏறக்குறைய ஒன்றுதான், 3 கிலோ. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான், மற்றது தசை போன்றவை. மிஷினைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

நடைவண்டி:
எட்டரை மணி நேரம்! என் வீட்டில் அதற்கு ஒரு தனிக் குழு போட வேண்டும். 

ஒரு சந்தேகம். 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்று குரூப்பில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். 21 தாண்டி ஒரு வாரம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. குறை என்னிடமா?

கணக்குப்பிள்ளை:
குறை அந்த எண்ணில். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்கு மனசு பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். நாளடைவில் "குறைந்தது" காணாமல் போனது, முகமும் காணாமல் போனது, எண் மட்டும் நிலைத்துவிட்டது.

நேரடியாக அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர், 2009-ல் வெளியிட்டார்கள். 96 பேர், 12 வாரம், ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம். யோசிக்காமலே செய்கிற நிலையை எட்ட நடுமதிப்பு 66 நாள். ஆனால் வீச்சு 18-லிருந்து 254 வரை, 12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணக்குப் போட்டுச் சொன்ன மதிப்பீடு. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. இன்னொன்று, ஒரு நாள் தவறவிட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்கிற குழு விதிகள் இருக்கிறதே, அவற்றுக்கு எந்த அடிப்படையும் இல்லை.

வெண்தாடி:
இளைஞர்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு கிழவன் குறுக்கிடுகிறேன். வயது அறுபதைத் தாண்டி வெகு நாளாகிறது, சர்க்கரைக்கு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை.

நடைவண்டி அம்மா, உங்கள் பட்டியலில் எதைப் போட்டாலும் சரி, திட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: யார் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள்? இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு மாதிரி சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் சாப்பாட்டைக் குறைத்து நடையையும் கூட்டினால் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் ஆபத்து. எடை இறங்க இறங்க அழுத்த மாத்திரையும் அதிகப்படியாகி எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. குரூப்பில் எல்லோருக்கும் ஒரே உணவு அட்டவணை அனுப்புவது எனக்கு அறவே பிடிக்காத விஷயம்.

இதைச் சொன்னதும் கிழவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2002-ல் வெளியிட்டார்கள். உணவு, நடை என்ற வழியில் விட்டவர்களுக்கு இலக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது. நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த பிரிவில் 31 சதவீதம்தான். அதிலும் அறுபது தாண்டியவர்களிடம் 71 சதவீதம்! எங்கள் ஆட்கள்தான் முதலிடம். டம்பெல்தம்பி கவனிக்க.

டம்பெல்தம்பி:
ஐயா, கவனிச்சேன். பட்டியல் பிடிக்காதுன்னு சொல்றவங்க எல்லாம் முதலிடம் வந்தா மட்டும் சந்தோஷப்படறீங்க, அதையும் கவனிச்சேன் 🙂

சரி, என் துறையில ஒண்ணு சொல்றேன். இந்தக் குழுக்கள்ல எல்லாரும் நடைய மட்டுமே எண்றாங்க. பத்தாயிரம் அடி, பத்தாயிரம் அடின்னு. அது 1965-ல ஜப்பான்ல ஒரு அடி எண்ணும் கருவிய விக்கறதுக்காகப் பிரபலமாக்குன நம்பர். வயசான பெண்களை வச்சு 2019-ல வந்த ஆய்வுல 4,400 அடி நடந்தவங்களுக்கே 2,700 அடி நடந்தவங்களைவிட இறப்பு அபாயம் நல்லாக் குறைஞ்சிருந்தது, 7,500 பக்கத்துல பலன் நின்னு போச்சு. ஒன்பதாயிரத்துல படுத்துட்டோமேன்னு ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலுக்குள்ளயே சுத்தறவங்க எங்க குரூப்ல இருக்காங்க.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது வாரத்துக்கு 150-லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு. பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதான் மிதம். அதோட வாரத்துல ரெண்டு நாளாவது தசைப் பயிற்சி. அந்த ரெண்டாவது வரிய யாருமே படிக்கறதில்லை. சாப்பாட்டைக் குறைச்சு, தசைக்கு வேலையும் குடுக்கலேன்னா போறதுல தசையும் சேர்ந்து போகும். ஜிம் வேணாம். நாற்காலில உக்காந்து, கைய ஊனாம எழுந்து நில்லுங்க. அதை பத்து தடவை. சுவத்துல கை வச்சு புஷ்-அப். புரதம் ஒவ்வொரு வேளையிலயும் இருக்கணும். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும்.

சும்மாபார்ப்பவள்:
முதல் முறையாக எழுதுகிறேன். நான் எந்தக் குழுவிலும் பேசாதவள், லைக் மட்டும் போடுவேன். குரூப்பில் அறுபது பேர் இருந்தால் நான் வராததை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால்தான் நிற்கிறேன் என்று தோன்றுகிறது. அடுத்த தெருவில் இருக்கும் என் தோழியோடு மட்டும் நடக்க ஆரம்பித்தபோது அப்படி நிற்கவில்லை. அவள் வாசலில் வந்து நிற்பாள், போகாமல் இருக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
சும்மா பார்த்தவர்தான் சரியான இடத்தில் தொட்டிருக்கிறார். 1999-ல் ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி இருவரும் 166 பேரை வைத்துப் பார்த்தார்கள். சிலர் தனியாக வந்தவர்கள், சிலர் மூன்று நண்பர்களோடு வந்தவர்கள். தனியாக வந்து வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் திட்டத்தை முடித்தவர்கள் 76 சதவீதம், குறைத்த எடையை அடுத்த ஆறு மாதம் முழுதாகத் தக்கவைத்தவர்கள் 24 சதவீதம். நண்பர்களோடு வந்து, ஒருவரையொருவர் தாங்குவதற்கான பயிற்சியும் பெற்றவர்களில் 95, 66. நண்பர்களை அழைத்து வரக்கூடியவர் வேறு மாதிரி ஆளாகவும் இருக்கலாம், அந்தச் சந்தேகத்தை ஒதுக்க முடியாது. இருந்தாலும் வித்தியாசம் பெரிது.

தம்பியின் போட்டிக் கட்சிக்கும் ஒரு சாட்சி சொல்லிவிடுகிறேன், நியாயம் வேண்டும். 1920-களில் கோலர் என்ற ஜெர்மானியர் பெர்லின் படகுக் குழுவினரை எடை தூக்க வைத்தார். இருவரில் பலவீனமானவர் கைவிட்டால் ஆட்டமே முடியும் என்ற நிலையில், அந்தப் பலவீனமானவர் தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் இருவருக்கும் பலத்தில் மிதமான இடைவெளி இருந்தபோதுதான். இடைவெளி அதிகமானால் அந்தப் பலன் இல்லை. அறுபது பேர் பட்டியலில் ஐம்பத்தெட்டாவது இடத்தில் இருப்பவருக்கு முதலிடக்காரர் உந்துதல் கொடுக்க முடியாது. ஜோடி போடுங்கள், பக்கத்துப் பக்கத்துத் திறன் உள்ளவர்களாக.

இரவுப்பணி:
ஜோடி நல்லது. எனக்கு வேறொரு பயம். பன்னிரண்டாவது வாரம் முடிந்ததும்? காலையில் குரூப்பில் "எல்லோரும் எழுந்தாச்சா?" என்று நடைவண்டி போடுவாராக இருக்கும். அதைப் பார்த்துத்தான் நூறு கால்கள் தரையில் இறங்கும். அந்த மெசேஜே தூண்டுகோல் ஆகிவிட்டால், மெசேஜ் நின்ற அன்றே நடையும் நிற்கும். என் ஆணி திட்டம் முடிந்த பிறகும் அதே சுவரில் இருக்கும். குழு இருக்கிற பன்னிரண்டு வாரத்தில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு ஆணியைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். கிலோ குறைந்தால் லாபம்.

பாதியில்நின்றவன்:
இதை நான் வழிமொழிகிறேன். எங்கள் குரூப் முடிந்த பிறகு அதில் வந்தது ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து மட்டும்தான்.

நடைவண்டி:
"எல்லோரும் எழுந்தாச்சா" என்றுதான் போடுகிறேன். கூடவே ஒரு சூரியகாந்திப் பூ.

இவ்வளவையும் வைத்து ஒரு வரைவு. கிழித்துப் போடுங்கள்.

ஆளுக்கு இரண்டு செயல், அவரவரே தேர்ந்தெடுத்தது, எதற்குப் பிறகு செய்வது என்ற ஒரு வரியோடு. "பல் துலக்கியதும் நாற்காலிப் பயிற்சி" மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மோசமான நாள் அளவு உண்டு. முப்பது நிமிட நடைக்கு அது ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் நடந்தாலும் பட்டியலில் முழு டிக். பட்டியலில் கிலோ இல்லை, தூங்கிய மணி நேரம் உண்டு. ஜோடி நான் போட்டுத் தருகிறேன். ஒருவர் இரண்டு நாள் வரவில்லையென்றால் ஜோடி மட்டும் கேட்பார், அதுவும் "என்னாச்சு" என்று இல்லை, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று. எட்டாவது வாரத்திலிருந்து என் காலை மெசேஜ் வாரம் மூன்று நாள், பத்தாவதிலிருந்து ஒரு நாள், கடைசி வாரம் கிடையாது. யார் யாருக்கு அது இல்லாமலும் ஓடுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும், ஓடாதவர்களுக்கு இன்னொரு ஆணி தேட நேரமும் இருக்கும். மருந்து சாப்பிடுபவர்களுக்கு வெண்தாடி ஐயா சொன்ன கேள்வியை நாளைக்கே தனித்தனியாகக் கேட்கிறேன், குரூப்பில் இல்லை.

கணக்குப்பிள்ளை:
மெசேஜைக் குறைக்க எட்டாவது வாரம் வரை காத்திருக்காதீர்கள், ஏழாவது வாரமே குறைக்கத் தொடங்கலாம். உடற்பயிற்சிக்கு நாள் கூட எடுக்கும் என்பதால் இரண்டு செயலில் ஒன்றாவது சின்னதாக, சீக்கிரம் ஒட்டுவதாக இருக்கட்டும். மற்றபடி கிழிக்க ஒன்றுமில்லை.

டம்பெல்தம்பி:
கிழிக்க எனக்கு இருக்கு. ஐந்து நிமிஷத்துக்கும் முப்பது நிமிஷத்துக்கும் ஒரே டிக்கா? முழுசா செஞ்சவன் என்ன முட்டாளா? எல்லாரும் ஐந்து நிமிஷத்துலயே தங்கிடுவாங்க, பாருங்க.

இரவுப்பணி:
சிலர் தங்குவார்கள் தம்பி. அந்தச் சிலர் இப்போது பூஜ்யத்தில் இருக்கிறார்கள்.

டம்பெல்தம்பி:
ஒத்துக்க முடியல, ஆனா செஞ்சு பார்க்கலாம். எனக்கு ஒண்ணு வேணும். போட்டி வேணும்னு நினைக்கறவங்களுக்குத் தனியா ஒரு பட்டியல். இஷ்டம் இருக்கறவங்க மட்டும். முப்பது செகண்டுல நாற்காலிலேர்ந்து எத்தனை தடவை எழுந்திரிக்கறோம்னு மாசத்துக்கு ஒரு தடவை எண்ணுவோம். அவங்கவங்க போன மாசக் கணக்கோட எவ்வளவு கூடுச்சுன்னு போடுவோம்.

நடைவண்டி:
சரி. அதை நீயே நடத்து. கிலோ உள்ளே வந்தால் பட்டியலைத் தூக்கிவிடுவேன்.

வெண்தாடி:
அந்தப் பட்டியலில் வெளியாட்களும் சேரலாமா? என் நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கிறது, அதைத் தொட்டால் கணக்கில் சேருமா என்றும் சொல்லவும்.

டம்பெல்தம்பி:
சேரலாம் ஐயா. தொட்டா சேராது. நாற்காலிய சுவத்தோட ஒட்டிப் போட்டுட்டு ஆரம்பிங்க, வழுக்கக் கூடாது.